கண்மாயைத் தூர்வாருங்கள், ஓரத்தை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதுரையை ஒட்டிய சாமநத்தம் கண்மாயின் படத்துக்குக் கீழே, ‘இனப்பெருக்கத்துக்காகக் குவிந்த வெளிநாட்டுப் பறவைகள்’ என்று உங்கள் நாளிதழில் போட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் அதில் நிற்பவை மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும். இரண்டும் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் கிடக்கும் இடம் தேடிச் சுற்றி, தோதான மரம் கிடைத்தால் கூடு கட்டுகிறவை. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், 1977-இலேயே சரணாலயமான கண்மாயில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடாமல் காப்பாற்றுவது இப்படிப்பட்ட நாரை, கொக்கு வகைகளின் கூடுகளைத்தான்.

நிஜமாகவே கடல் கடந்தும் மலை கடந்தும் வருகிற கூட்டம் வேறு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகிய வாத்துகள், பொறி உள்ளான், கொசு உள்ளான் ஆகிய சேற்றோரச் சிறு பறவைகள். இவை இங்கே முட்டையிடுவதே இல்லை. சைபீரியா பக்கம் பனி இறங்கும்போது கிளம்பி வந்து, தின்று உடம்பு தேற்றிக்கொண்டு, பங்குனி சித்திரையில் திரும்பிவிடும். கொசு உள்ளான் சுமார் 25 கிராம்தான் இருக்கும். அது குஞ்சு பொரிப்பது வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில்! இதைப் போய் ஏன் பெரிதாகச் சொல்கிறேன் என்றால், கூட்டுக்கு மரம் வேண்டும், தீனிக்குச் சகதி வேண்டும். மரத்துக்காகப் பேச இன்று ஆள் இருக்கிறது. சகதிக்காகப் பேசத்தான் யாரும் இல்லை.

நான் கல்யாண ஒளிப்படக்காரன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, எங்களுக்கு ஓய்வு. பறவைகளுக்கோ அதுதான் சீசன். நம் பக்கத்தில் பல கண்மாய்களுக்குக் கரை கிழக்கே இருக்கும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகில் விழும், வெளிச்சம் பிரமாதம். ஆனால் அங்கிருந்து அகப்படுவது முக்குளிப்பானும் நீர்க்காகமும்தான், ஏனென்றால் கரையடியில்தான் ஆழம். உள்ளான்களைப் பார்க்க எதிர்ப்பக்கம், தண்ணீர் மெலிந்து வயலோடு சேரும் உள்வாய்க்குச் சுற்றிப் போக வேண்டும். அங்கே விரல்கடை ஆழத்துச் சேற்றில் பொறி உள்ளான் குத்திக் குத்திப் புழு எடுக்கும். கொஞ்சம் உள்ளே, முழத்தண்ணீரில், ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு மேயும். இந்த வாத்துகள் முக்குளித்துத் தீனி தேடுகிறவை அல்ல. கழுத்து எட்டும் ஆழம்தான் அவற்றுக்குச் சோறு.

இப்போது தூர்வாரும் வேலையைப் பாருங்கள். நகரை ஒட்டிய ஒரு கண்மாயில் உள்வாய் வரை பொக்லைன் இறக்கி, சுற்றிலும் செங்குத்தாக வெட்டி, ஒரே ஆழமாக்கிவிட்டார்கள். தண்ணீர் கூடுதலாக நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த மார்கழியில் அங்கே ஒரு உள்ளான்கூட இறங்கவில்லை. கழுவிவைத்த அண்டாவில் கோழி என்னத்தை மேயும்?

செடிகளுக்கும் அதே கதிதான். மோதிரத்தையும் தாலியையும் நெருக்கத்தில் எடுக்க நாங்கள் வைத்திருக்கும் மேக்ரோ லென்ஸை உள்வாய்த் தரையில் படுத்து வைத்தால் பொடுதலைப் பூ தெரியும். மிளகு அளவு கொண்டையைச் சுற்றி வெள்ளையும் ரோஸுமாகக் குட்டிப் பூக்கள் வளையம் கட்டியிருக்கும். பக்கத்தில் ஊதாப் பூவும் முள்ளுமாக நீர்முள்ளி. தண்ணீர் வற்ற வற்ற, காய்ந்த இடத்தில் கொட்டைக்கரந்தையும் செருப்படையும் முளைக்கும். கோரையின் விதை வாத்துகளுக்குத் தீனி. இத்தனையையும் ‘புதர்’ என்ற ஒரே கணக்கில் வழித்துப் போடுகிறார்கள். ஆகாயத்தாமரையையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் எடுங்கள், புண்ணியமாகப் போகும். சீமைக்கருவேலத்தையும் வெட்டுங்கள். ஆனால் தண்ணீர் நடுவே கூடு உள்ள மரமாக இருந்தால், குஞ்சு பறந்த பிறகு, பக்கத்தில் ஒரு நாட்டுக்கருவேலம் தலையெடுத்த பிறகு வெட்டலாமே.

விவசாயிகள் வண்டல் எடுப்பதை நான் தடுக்கச் சொல்லவில்லை. கரைக்குப் போதிய இடைவெளி விட்டு நடுவில் எடுக்கட்டும், உள்வாய்ச் சரிவைத் தொட வேண்டாம். வேலையைச் சித்திரைக்குப் பிறகு தொடங்கினால் வலசைப் பறவைகளுக்குத் தொல்லை இல்லை, அப்போது தண்ணீரும் குறைவாக இருக்கும். நீர்வளத்துறைக்கு இதனால் கூடுதல் செலவும் பெரிதாக வராது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைச் சேர்க்கும் ராம்சார் பட்டியலில் ராமநாதபுரத்துக் கண்மாய்கள் இருக்கின்றன, மதுரை மாவட்டத்தில் ஒன்றுகூட இல்லை. பட்டியல் வரும்போது வரட்டும், அதுவரை சரிவாவது மிஞ்சட்டும்.

அப்புறம், என் தொழில்காரர்களிடம் ஒரு வார்த்தை. கல்யாணத்துக்கு முந்தைய ஷூட் என்று ஜோடியைக் கரையில் நிறுத்தி, வாத்துக் கூட்டத்துக்கு மேல் ட்ரோன் விடுகிறீர்கள். பின்னணியில் பறவைகள் எழும்பினால் படம் நன்றாக இருக்கும், தெரியும். ஆனால் தூரப் பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்க வந்தவை ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் அதைச் செலவழிக்கின்றன. பார்ட்டி கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொல்கிறேன், யாரும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டதில்லை.

ஆசிரியர் அவர்களே, அடுத்த முறை படக்குறிப்பில் பறவையின் பெயரைப் போடுங்கள். உள்ளான் படமும் நீர்முள்ளிப் படமும் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன், பணம் வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு கல்யாண ஒளிப்படக்காரர்,
வில்லாபுரம், மதுரை