திருநீற்றுப் பொட்டலத்துக்குள் வாக்குச் சீட்டு: எங்கள் ஆலய பரிபாலன சபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர், செயலாளர், சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் யாரென்று உங்களுக்குத் தெரியும். மூன்றாம் திருவிழா எங்கள் குடும்பத்தின் உபயம். என் தகப்பனார் காலத்திலிருந்து அப்படித்தான். இடம்பெயர்ந்து கோயிலே கண்ணுக்கு எட்டாமல் இருந்த ஆண்டுகளிலும் அந்த நாளில் வீட்டில் விரதம் இருந்திருக்கிறோம். ஆகையால் இதை யாரோ வெளியாள் எழுதிய கடிதமாக ஒதுக்கி வைக்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கடந்த வெள்ளிக்கிழமை மாலைப் பூசையின் பின் வழங்கப்பட்ட திருநீறு, சந்தனப் பொட்டலத்தோடு ஒரு துண்டுப் பிரசுரமும் வந்தது. வரப்போகும் தேர்தலில் சைவர்கள் சைவருக்கே வாக்களிக்க வேண்டும் என்பது அதன் சாரம். வேட்பாளர் கிறிஸ்தவராக இருந்தால் எந்தக் கட்சி ஆனாலும் புறக்கணியுங்கள் என்று அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. அச்சிட்டவர் பெயர் இல்லை. ஆனால் கொடுத்த கை உங்கள் தொண்டர் ஒருவரின் கை.

என் அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தனியாக நடக்க முடியாது. வெள்ளிதோறும் அவரைக் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டி வருபவர் மயிலிட்டியைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க அம்மையார். 1990 யூனில் போருக்குப் பயந்து ஊரே எழும்பி ஓடியபோது ஒரே மரத்தடியில் சந்தித்தவர்கள் இருவரும். பிறகு நலன்புரி முகாமில் ஒரு தகரத்தின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எத்தனையோ ஆண்டுகள். அடுப்பு ஒன்று, கிணற்றுக்கு வரிசையில் வைத்த வாளி ஒன்று. அம்மா கந்தசஷ்டி பிடித்தால் அவர் மச்சச் சட்டியை வெளியே கொண்டுபோய் வைப்பார். அவருடைய தவக்காலத்தில் எங்கள் வீட்டிலும் கறி இராது. அம்மா உள்ளே கும்பிடும்போது அவர் வெளி வீதி வேம்பின் கீழ் காத்திருப்பார். அன்றும் அப்படியே இருந்தார். தொண்டருக்கு ஆள் தெரியவில்லை போலும், அவருக்கும் ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார்.

அவர் அதை வாசித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். பஸ் தரிப்பிடம் வரை பேசாமல் வந்தவர், "வாற வெள்ளி நான் தெருவிலேயே நிற்கட்டுமா அக்கா?" என்று கேட்டாராம். அம்மாவிடம் கண்ணாடி இல்லை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்றே அப்போது அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து என்னை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அந்தத் திருநீற்றை அம்மா அன்று பூசவில்லை. சாமித் தட்டில் அப்படியே இருக்கிறது.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பிரசுரத்துக்கும் ஆலயத்துக்கும் தொடர்பில்லை என்றும், இனி இந்த வளவுக்குள் எந்தத் தேர்தல் பிரசுரமும் வழங்கப்படாது என்றும் வரும் வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். அதிகாலை நாலரைக்கு ஊரையே எழுப்பும் ஒலிபெருக்கிக்கு ஒரு நிமிட அறிவித்தல் பெரிய சுமை அல்ல.

மதக் கூட்டத்தில் வாக்குக் கேட்டுத் துண்டுப் பிரசுரம் கொடுப்பது 1981ஆம் ஆண்டுப் பாராளுமன்றத் தேர்தல் சட்டத்தின்படி குற்றம் என்பதைச் சபையில் இருக்கும் சட்டத்தரணி ஐயாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பொலிசுக்குப் போகும் எண்ணமும் எனக்கு இல்லை. கோயில் விஷயத்தைக் கோயிலுக்குள்ளேயே தீர்ப்போம்.

ஆனால் ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. இந்தப் பிரசுரத்தைக் காங்கேசன்துறைத் தொகுதி மண்ணில் நின்று கொடுக்க எப்படி மனம் வந்தது? இந்தத் தொகுதி 1947இல் யாரைப் பாராளுமன்றம் அனுப்பியது? புரட்டஸ்தாந்து கிறிஸ்தவரான செல்வநாயகத்தை. அனுப்பியவர்களில் பெரும்பாலானோர் எங்கள் பாட்டன், பாட்டிமார், நெற்றி நிறையத் திருநீறு பூசிய சைவர்கள். மலையகத் தமிழரின் குடியுரிமை 1948இல் பறிக்கப்பட்டது. அவர்களில் மிகப் பெரும்பாலானோர் சைவர்கள். அதைச் செய்த அரசாங்கத்தில் அமைச்சராகப் போய் அமர்ந்த தமிழ்க் காங்கிரஸ் தலைவரும் சைவர். அது தகாது என்று பிரிந்துபோய் 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியவர்தான் அந்தக் கிறிஸ்தவர். உங்கள் பிரசுரத்தின் கணக்குப்படி அன்று யார் சைவருக்கு ஆள்?

1952இல் அவரை இதே தொகுதி தோற்கடித்தது. வென்றவர் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருமகன், சைவத்திலும் கல்வியிலும் பெரிய பெயர். நான்கு ஆண்டுகள் கழித்து அதே மக்கள் செல்வநாயகத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். இடையில் அவர் மதம் மாறவில்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 அரசியல் யாப்பை எதிர்த்து அவர் பதவி துறந்தார். இடைத்தேர்தலை அரசாங்கம் 1975 பெப்ரவரி வரை இழுத்தடித்தது. கடைசியில் நடந்தபோது பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் வென்றார். அந்த வாக்குச் சீட்டுகளில் எங்கள் ஐயாவின் சீட்டும் ஒன்று. ஐயா எத்தனை ஆண்டு இந்தக் கோயிலில் தேர்வடம் பிடித்தவர் என்று மூத்த உறுப்பினர்களைக் கேளுங்கள்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 1968இல் மாவிட்டபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் கந்தசுவாமியைக் கும்பிட உள்ளே விடும்படி வாசலில் நின்றார்கள். வந்தவர்கள் சைவர்கள். மறித்தவர்களும் சைவர்கள்தான். மறித்தவர்களுக்குத் தலைமை தாங்கிய சுந்தரலிங்கம் முன்னாள் அமைச்சர், பெரும் கல்விமான். சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டு, இலண்டனில் இருக்கும் கோமறைக் கழகம் (பிரிவி கவுன்சில்) வரை மேன்முறையீடு போய்த் தோற்றார். அவர் 1970 தேர்தலில் செல்வநாயகத்தை எதிர்த்து இந்தத் தொகுதியிலேயே நின்றார். சைவருக்கே வாக்கு என்ற உங்கள் அளவுகோலால் அளந்தால் அவரைவிடப் பொருத்தமான வேட்பாளர் கிடைத்திருக்க மாட்டார். சனம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. செல்வநாயகமும் அவர் கட்சியும் அந்த வாசலில் போதுமான அளவு துணை நிற்கவில்லை என்ற குறை இன்றும் உண்டு, அதையும் மறைக்கவில்லை. அவரைக் குறை சொல்வதானால் அதற்காகச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கே போனார் என்பதற்காகச் சொல்லாதீர்கள்.

தெற்கில் சிங்களவர் இந்த விளையாட்டை எங்களுக்கு முன்பே ஆடிப் பார்த்துவிட்டார்கள். டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்ததும் அங்கிலிக்கன் குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் வரிசையாகப் பௌத்தர் ஆனார்கள். 'டொனமூர் பௌத்தர்' என்று ஊரே சிரித்தது. அவர்களில் ஒருவரான பண்டாரநாயக்க பிக்குமார்களின் தோளில் ஏறிப் பிரதமரானார். தமிழ்ப் பகுதிகளுக்கு அதிகாரம் பகிரச் செல்வநாயகத்தோடு செய்த ஒப்பந்தத்தை அதே பிக்குமார் வீட்டு வாசலில் வந்து குந்தியதும் கிழித்தார். 1959இல் அவரைச் சுட்டவரும் ஒரு பிக்குதான். வேட்பாளரின் மதத்தைப் பார்த்து வாக்களித்தால் நல்ல பக்தர்கள் வரமாட்டார்கள், நல்ல நடிகர்கள் வருவார்கள். எங்களிடமும் இல்லையா? தேர்தல் மாதத்தில் மட்டும் முப்பட்டை போட்டுக்கொண்டு, தேர் அன்று வேட்டியின் மடிப்புக் கலையாமல் வடத்தைத் தொட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு நீங்களே காளாஞ்சி கொடுத்திருக்கிறீர்கள்.

உங்கள் கோபத்துக்குக் காரணம் ஒன்று இருப்பதை நானும் அறிவேன். வறுமைப்பட்ட குடும்பங்களைத் தேடிப்போய், மாவும் சீனியும் கொடுத்து மதம் மாற்றும் சில சபைகள் வந்திருக்கின்றன. எனக்கும் அது பிடிக்கவில்லை. அந்தக் குடும்பங்களுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம் என்று கேட்டால் எனக்கு வாய் எழாது. கோபுரத்துக்கு வர்ணம் பூச வெளிநாட்டுக் காசு வந்தபோது, அதில் ஒரு பங்கை மாலை வகுப்புக்கு ஒதுக்கச் சொன்னவனை எழுந்து நின்று பேசவே விடாமல் இருத்தினீர்கள். அந்த ஆள் நான்தான். சரி, அது வேறு கதை. வேட்பாளர் ஒருவர் தன் மதத்தைச் சட்டமாக்க வருகிறார் என்றால் அதைக் கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். அவர் வீட்டில் எந்தப் படத்துக்கு விளக்கு எரிகிறது என்பது எங்கள் விசாரணைக்கு உரியதல்ல.

விசாரிக்க வேண்டியவை வேறு இருக்கின்றன. அம்மாவின் காணி இன்னும் இராணுவ வேலிக்கு உள்ளே. உறுதி கையில் இருக்கிறது, மண் இல்லை. அந்த மயிலிட்டி அம்மையாரின் வளவும் அதே வேலிக்கு உள்ளேதான். கம்பி சைவக் காணி, கிறிஸ்தவக் காணி என்று பார்த்துப் போடப்படவில்லை. தையிட்டியில் தனியார் காணிமேல் விகாரை எழும்பி நிற்கிறது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்துபோனது. காணி எப்போது வரும், ஆவணத்தோடு எந்த அலுவலகத்துக்குப் போனாய், பாராளுமன்றத்தில் எத்தனை தடவை கேட்டாய் என்று வருகிற வேட்பாளரிடம் கேட்டு, அந்தப் பதில்களை அச்சிட்டுக் கொடுங்கள். அச்சுச் செலவுக்கு நானும் தருகிறேன், கோயில் வளவுக்கு வெளியே நின்று நானே விநியோகிக்கிறேன்.

கோபத்தில் சில சொற்கள் கூடிப்போயிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். திரும்பவும் கேட்கிறேன்: அந்தப் பிரசுரம் ஆலயத்தினுடையது அல்ல என்று வரும் வெள்ளிக்கிழமை அறிவியுங்கள். அறிவித்தலில் யார் பெயரும் வேண்டாம், கொடுத்த தொண்டர் பெயரும் வேண்டாம். சின்னப் பொடியன், யாரோ கொடுக்கச் சொன்னதைக் கொடுத்திருக்கிறான்.

அம்மா வரும் வெள்ளியும் வருவார். அவரைக் கூட்டி வரும்படி அந்த மயிலிட்டி அம்மையாரிடம் நான் நேரில் போய்க் கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். வந்தால் வழமை போல வேம்பின் கீழ்தான் இருப்பார், ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும். அறிவித்தலை மாலைப் பூசைக்கு முன்பே செய்துவிட்டால் உதவியாக இருக்கும். அவர்களுக்கு ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை.

இப்படிக்கு,
மூன்றாம் திருவிழா உபயகாரன்,
வலிகாமம் வடக்கு