ஏற்காட்டிலிருந்து எஸ்தருக்கு

அன்புள்ள எஸ்தர்,

ஸ்தோத்திரம். நீ நலமா, அண்ணன் நலமா? பெரியவன் கல்யாண போட்டோ பார்த்தேன். மருமகள் லட்சணமாக இருக்கிறாள். நீதான் இன்னும் ஒரு சுற்று பெருத்துவிட்டாய். பட்டுச்சேலை மேல் பழி போடாதே.

உன் இரண்டு கடிதங்களும் என் பைபிளுக்குள்ளேயே இருக்கின்றன. பதில் போடவில்லை, கல்யாணத்துக்கும் வரவில்லை, ஏன் என்று ஒரு சொல் சொல்லி அனுப்பவும் இல்லை. கோபித்துக்கொள், நியாயம்தான். ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்.

ஜனவரி கடைசியில் இவர் மிளகு பறிக்க ஏறி விழுந்துவிட்டார். ஒற்றை மூங்கில் ஏணி, பனி ஈரம் காயாத காலை நேரம். ஆள் வரட்டும் என்றேன். கேட்டால்தானே! சில்வர் ஓக் மரத்தில் பதினைந்தடி உயரம் இருக்கும். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கையில் மிளகுக் கொத்து அப்படியே இருந்தது. தொடை எலும்பு முறிந்துவிட்டது.

ஜீப்பின் பின்னால் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு இறங்கினோம். 20 கொண்டை ஊசி வளைவும் உனக்குத் தெரியாததா? எலுமிச்சம்பழக் கதையை நம் கூட்டத்தில் யாரும் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்கு ஒவ்வொரு வளைவிலும் இவர் அலறினார். நான் ஜெபம் பண்ணவில்லை, எஸ்தர். ஒரு வார்த்தைகூட வரவில்லை. வளைவில் எழுதியிருக்கிற நம்பரை மட்டும் வாசித்துக்கொண்டே வந்தேன். பத்தொன்பது, பதினெட்டு, பதினேழு. அடிவாரம் வந்து நம்பர் தீர்ந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஆபரேஷன், பிளேட், எட்டு நாள் ஆஸ்பத்திரி. செயினும் வளையலும் அடகில் இருக்கின்றன. அதை விடு.

வீட்டுக்கு வந்தால் தோட்டம் வேறு கதை சொன்னது. மாமனார் வைத்த எஸ்.795 ரகக் காப்பிச் செடிகள், உனக்கே தெரியும். அங்கங்கே இலை மஞ்சளடித்து வாடி நின்றன. தண்டைத் தடவினால் பட்டைக்கு அடியில் வரப்பு மாதிரி மேடு தட்டியது. ஒன்றை வெட்டிப் பிளந்தேன். நடுவே சுரங்கம், அது முழுக்க மரத்தூளை யாரோ இடித்து அடைத்த மாதிரி இறுகிக் கிடந்தது. அதன் முனையில் வெளுத்த புழு ஒன்று. வெள்ளைத் தண்டுத் துளைப்பான். ஏப்ரலில் வண்டாகி வெளியே பறப்பதற்குள் பிடுங்கி எரித்தாக வேண்டும், வேறு வழி கிடையாது. நானும் இரண்டு ஆட்களுமாக 140 செடி பிடுங்கினோம். இவர் கட்டிலில் படுத்தபடி ஜன்னல் வழியே புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை என்று கேட்கவே இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல? இரண்டு வருஷத்துக்கு முன்னால் சின்னவளின் காலேஜ் பீஸுக்காக 11 சில்வர் ஓக் வெட்டி விற்றோம். இவருக்கு மனசே இல்லை, நான்தான் சொல்லிச் சொல்லி விற்க வைத்தேன். அந்த வண்டுக்கு வெயில் படுகிற தண்டுதான் பிடிக்கும். நிழல் இருந்திருந்தால் இத்தனை செடி போயிருக்காது.

இந்த நேரம் பார்த்து ஒரு சகோதரி வந்தாள், பேர் வேண்டாம். ஜெபித்துவிட்டு எழுந்திருக்கும்போது, மறைவான பாவம் ஏதாவது குடும்பத்தில் இருக்கிறதா என்று ஆராய்ந்து பாருங்கள் என்றாள். காப்பி கொடுத்துத்தான் அனுப்பினேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய்த் துளைத்தது. மரம் வெட்டினதா பாவம்? பிள்ளையைப் படிக்க வைத்ததா பாவம்? இரண்டு வாரம் பைபிளைத் தொடவில்லை.

அப்புறம் மெழுகுவர்த்திப் பாட்டி வந்தாள். ஆமாம், அதே பாட்டிதான், இன்னும் திடமாக இருக்கிறாள். வந்தவள் ஜெபிக்கவும் இல்லை, வசனம் சொல்லவும் இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்துக்கொண்டு மிளகில் காம்பு பொறுக்கினாள். "சக்கரை கொஞ்சம் தூக்கலாப் போடு" என்பதுதான் அன்றைக்கு அவள் பேசின ஒரே பேச்சு. நாலு நாள் அப்படியே வந்து போனாள். நாலாம் நாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அப்போதும் அவள் கை காம்பு பொறுக்கிக்கொண்டுதான் இருந்தது.

அன்று ராத்திரி யோபு புஸ்தகத்தை எடுத்தேன். ஓய்வுநாள் பள்ளியில் நமக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? 'யோபின் பொறுமை.' பரிசுக்காக ஒப்பித்தோமே தவிர உட்கார்ந்து படித்தோமா? படித்துப் பார், எஸ்தர். அந்த மனுஷன் மூன்றாம் அதிகாரத்திலேயே தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். அதற்கப்புறமும் ஓயவில்லை, கர்த்தரையே வழக்குக்குக் கூப்பிடுகிறான். சிநேகிதர் மூன்று பேரும் முதலில் ஏழு நாள் இரவும் பகலும் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நம் பாட்டி மாதிரி. அதுவரைக்கும் நல்லவர்கள்தான். வாயைத் திறந்து, நீ செய்த பாவம்தான் என்று ஆரம்பித்த பிறகுதான் கெட்டுப்போனார்கள். கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் யார் மேல் வருகிறது? முறையிட்டவன் மேல் இல்லை. எலிப்பாஸ் மேலும் அவன் கூட்டாளிகள் மேலும்! யோபு பேசினது மாதிரி நீங்கள் பேசவில்லையே என்கிறார். அதைப் படித்தபோது ராத்திரி மணி இரண்டு. இவரை எழுப்பிச் சொன்னேன். "இதைச் சொல்லவா எழுப்பினே?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

88-ஆம் சங்கீதத்தையும் படி. மற்ற சங்கீதங்கள் பெரும்பாலானவற்றில் எவ்வளவு அழுகை இருந்தாலும் முடிக்கும்போது ஒரு துதியோ நம்பிக்கையோ வந்துவிடும். இதில் வராது. சிநேகிதரையும் தூரமாக்கிவிட்டீர் என்ற குறையோடு இருட்டிலேயே நின்றுவிடும். அதையும் வேதத்தில் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்கள்! துதி வராத நாளிலும் அவரிடமே போய் நிற்கலாம் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் போய் நின்றேன். நம்பரை எண்ணிக்கொண்டு வந்ததைச் சொன்னேன், மரத்தையும் சொன்னேன். கடன் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

இதை ஏன் உனக்கு இத்தனை நீட்டி எழுதுகிறேன் தெரியுமா? உன் இரண்டாம் கடிதத்தில், அம்மாவுக்கு என் பேரே மறந்துவிட்டது, கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று ஒரே வரியில் முடித்திருந்தாய். அடுத்த வரியில் பந்திக்கு எத்தனை படி அரிசி என்ற கணக்கு. என்னிடம் அப்படி எழுதாதே. பெற்ற தாய் யார் நீ என்று கேட்டால் எப்படி இருக்கும்? அதை எழுது. பத்துப் பக்கம் ஆனாலும் சரி, நான் வசனம் சொல்லி உன் வாயை அடைக்க மாட்டேன்.

சரி, நல்ல சேதியும் இருக்கிறது. போன வாரத்துக்கு முந்தின வாரம் பூ மழை பெய்தது. ஒன்பதாம் நாள் காலையில், மிச்சமிருந்த செடியெல்லாம் கணுவுக்குக் கணு வெள்ளை. மல்லிகை மாதிரி வாசம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை வந்தார், அன்றைக்குத்தான் முதல் தடவை. இனி இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு மழை வேண்டும், இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. யாக்கோபு 5-ஆம் அதிகாரத்தில் பயிரிடுகிறவன் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் காத்திருக்கிறான் என்று வருகிறதே, அந்த ஊரில் விதைப்புக்கு ஒரு மழை, அறுப்புக்கு முன் ஒரு மழை. நமக்குப் பூவுக்கு ஒன்று, பிஞ்சுக்கு ஒன்று. நாலு வசனம் தள்ளி யோபின் பேரும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. இத்தனை வருஷம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை பார்.

காத்திருக்கிறேன் என்று சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வண்டு பட்டை வெடிப்பில்தான் முட்டை வைக்கும். அதனால் காலையில் வெயில் ஏறுமுன் தேங்காய் மட்டையை வைத்து ஒவ்வொரு தண்டாகத் தேய்த்து, உரிந்த பட்டையை எடுத்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு முப்பது செடி முடிகிறது. பிடுங்கின இடத்தில் ஜூன் மழையோடு நாற்று வைக்கணும். நிழலுக்கு மரக்கன்றும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மே மாதம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. குளிர் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளும். அண்ணனிடம் நான் சொன்னதாகச் சொல். நாகர்கோவிலில் உங்கள் வீட்டுப் பின்னால் மட்டை மலை மாதிரி கிடக்குமே, ஒரு சாக்கில் கட்டி எடுத்து வா. நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து எடு, ஈரமட்டை தேய்க்க உதவாது.

உன்,
மேரி