சுங்குடித் துணியில் ஒரு கண் மறைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மகளுக்கு நான்கரை வயதானபோது, இடது கண்ணில் பார்வை குறைவாக இருப்பது பள்ளியில் நடந்த பரிசோதனையில் தெரியவந்தது. பேச்சுவழக்கில் ‘சோம்பேறிக் கண்’ என்கிறார்கள். அந்தக் கண் காட்டுவதை மூளை ஒதுக்கிவிடுவதால், தெளிவாகத் தெரியும் வலது கண்ணைக் கண்ணாடி அணிந்த நிலையில் தினமும் 2 மணி நேரம் மூடிவைக்க வேண்டும் என்றும், ஏழெட்டு வயதுக்குப் பிறகு பலன் குறையத் தொடங்கும் என்றும் மருத்துவர் விளக்கினார்.

மருந்துக் கடையில் கிடைத்தது, தோல் நிறத்தில் ஒட்டும் பட்டை மட்டுமே. சித்திரை வெயிலில் வியர்வை பட்டு ஓரம் பிரிந்துவிடும். பிரியாத நாளில் உரித்தெடுக்கும்போது புருவ முடியும் கூடவே வரும். ஒரு வாரத்தில், பட்டையைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டாள்.

மீனாட்சியம்மன் கோயில் எதிரே உள்ள புதுமண்டபத்தில் நெடுங்காலம் தையல் வேலை செய்த என் மாமனார்தான் இதற்கு வழி கண்டார். மிஞ்சிய சுங்குடித் (முடிச்சிட்டுச் சாயமேற்றும் மதுரைப் பருத்தித் துணி) துண்டை வெளிப்புறமும் கறுப்புப் பருத்தியை உட்புறம் இரண்டடுக்காகவும் வைத்து, கண்ணாடியின் வலது வில்லையின் மேல் உறைபோல் மாட்டும்படி தைத்தார். நடுவில் ஒரு மடிப்புப் பிடித்துக் கிண்ணம்போல் குவித்ததால் இமைமுடி உரசவில்லை. முதலில் தைத்ததில் பக்கவாட்டு இடைவெளி வழியே அவள் எட்டிப் பார்த்துவிட்டாள். அப்படிப் பார்த்தால் சிகிச்சையே வீண் என்பதால், நெற்றிப்பொட்டு வரை மறைக்கும் சிறு இறக்கை ஒன்றைச் சேர்த்தார். ஆறு நிறங்களில் தைத்துக் கொடுத்ததும், “தாத்தா, இன்னைக்கு மஞ்சள்” என்று அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். தினமும் துவைத்து மாற்றவும் முடிந்தது.

குழந்தைகள் மட்டுமல்லர். சர்க்கரை நோயால் கண்ணை அசைக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறவர்களும், விபத்தில் ஒரு கண்ணை இழந்தவர்களும் கண் மறைப்பு அணிந்து நாலு பேர் நடுவே போக வேண்டியிருக்கிறது. அவர்கள் உடுத்தும் சேலைக்கும் சட்டைக்கும் பொருத்தமாக ஒன்று இருக்கக் கூடாதா?

எத்தனை மணி நேரம் மூடுவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அளவு மீறினால் நல்ல கண்ணின் பார்வையும் குறையக்கூடும். அறுவைச் சிகிச்சைப் புண்ணுக்கும் இந்தத் துணி உறை உதவாது.

1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்ட ஊர் எங்கள் மதுரை. சுங்குடிக்கும் தையலுக்கும் பேர்போன ஊரும் இதுவே. இங்குள்ள மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இதைத் தைத்து, கண்ணாடிக் கடைகளில் விற்பனைக்கு வைக்க முன்வர வேண்டுகிறேன். மாமனார் வெட்டிய காகித அச்சு மூன்று அளவுகளில் என்னிடம் இருக்கிறது. கற்றுக்கொள்ள விரும்பும் குழுவுக்கு அதைக் கொடுத்து, உடனிருந்து தைத்துக் காட்டவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
செல்லூர், மதுரை.