அழிக்கச் சொன்ன படங்கள்

அன்புள்ள சரவணனுக்கு,

நீ அனுப்பிய ஹார்ட் டிஸ்க் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது, ராசா. போனில் நீ சொன்ன யோசனையும் மறக்கவில்லை. "மேலே, மேஜர் லீக் பேஸ்பாலுக்குப் போனவங்க படத்தை மட்டும் வச்சுக்கோம்மா, மத்ததை அழிச்சிரு, பாதி இடம் மிச்சமாகும்." பாதி என்ன, முக்கால்வாசிக்கு மேலேயே மிச்சமாகும். நம் ஊர் பேஸ்பால் அணி புல்ஸின் சீசன் முடிந்துவிட்டதால் சாயங்காலத்தில் எனக்கு வேறு வேலையும் இல்லை. சரி, பிள்ளை சொன்னதைச் செய்து பார்ப்போமே என்று 2013 போல்டரைத் திறந்து உட்கார்ந்தேன். நான்கு நாள் உட்கார்ந்து பதினோரு படம் அழித்தேன். அதில் ஒன்பது என் செருப்பு.

நாம் வட கரோலினாவுக்கு, இந்த டர்ஹமுக்கு வந்தது 1999இல். உனக்கு எட்டு வயது. புல்ஸ் அணி மேஜர் லீகுக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ தரத்துக்கு ஏறி, மேஜர் லீக் அணியான டாம்பா பே ரேஸின் கிளை அணியாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அப்பாவின் ஆபீஸில் யாரோ மூன்று டிக்கெட் கொடுத்தார்கள். கிரிக்கெட் தெரிந்தவனுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று கிளம்பினவர், இரண்டாவது இன்னிங்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். உனக்கு ஆட்டமே வேண்டாம், அந்தக் காளைதான் வேண்டும். இடப்பக்கம் 305 அடி தூரத்தில் 32 அடி உயர நீலச் சுவர், அதற்கு மேலே பலகைக் காளை. நம் ஆள் ஹோம் ரன், அதாவது கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, அடித்தால் அதன் கண் சிவக்கும், மூக்கில் புகை வரும், வால் ஆடும். 'காளையில் அடித்தால் ஸ்டேக், புல்லில் அடித்தால் சாலட்' என்று அதில் எழுதியிருப்பதை நீதான் எனக்குப் படித்துக் காட்டினாய். சாலட்டுக்காக யாருடா அடிப்பான் என்றேன். "நம்ம வீட்டுல இருந்து போனா அடிப்போம்மா" என்றாய்.

ஹைஸ்கூல் போனதும் நீ வருவதை நிறுத்திக்கொண்டாய். நானும் அப்பாவும் நிறுத்தவில்லை. 2013இல் நீ வேலைக்கென்று சியாட்டில் போனபோது உன் அலமாரியில் அந்த கேனான் ரெபெல் கேமரா கிடந்தது. தூசி தட்டி எடுத்துக்கொண்டு போனேன். பிள்ளை இல்லாத வீட்டில் சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல்தான் போனேன் என்பதை இப்போது சொன்னால் என்ன.

முதல் வருடப் படங்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எல்லாவற்றிலும் மட்டை சுற்றி முடிந்திருக்கும், பந்தைக் காணவே காணோம். மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து, பிட்சர் கையை விட்டால் ஏறத்தாழ 0.4 விநாடியில் பேட்டரிடம் வந்துவிடும். மட்டையில் பந்து படுவதைக் கண்ணால் பார்த்து பட்டனை அமுக்கினால் அந்தக் கணம் போயே போய்விட்டது. படுவதற்கு முன்னாலேயே அமுக்க வேண்டும். அதற்குப் பந்தைப் பார்த்துப் பிரயோஜனமில்லை, பேட்டரின் முன்னங்காலைப் பார்க்க வேண்டும். இது பிடிபட எனக்கு இரண்டு சீசன் ஆனது. ஷட்டரை 1/2000 விநாடியில் வைத்து, பந்து மட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு படம் விழுந்த அன்றைக்கு அப்பாவைக் கிள்ளிவிட்டேன். அவர் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். பென்சில் கோடு இழுத்த அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.

அப்பாவின் ஸ்கோர் புத்தகம் இல்லாமல் என் படங்களுக்குப் பெயரே கிடையாது, அதையும் சொல்லவேண்டும். டிரிபிள்-ஏவில் இன்றைக்கு இருக்கிற பையன் நாளைக்கு இருக்கமாட்டான், அதே எண் சட்டையை வேறொருவன் போட்டிருப்பான். எந்த இன்னிங்ஸில் யார் மூன்றாவது ஸ்ட்ரைக்கைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்று அவுட்டானான் என்பதுவரை அவர் குறித்து வைத்திருப்பார். அதற்கு 'கே' எழுத்தைத் திருப்பிப் போடுவார்கள். சுற்றிவிட்டு அவுட்டானால் நேர் கே. அந்தத் திருப்பிப்போட்ட கே-க்களின் முகங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன. அம்பயரைத் திரும்பிப் பார்க்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அரை விநாடி முகம். ஹோம் ரன் படத்தைவிட எனக்கு அது பிடிக்கும்.

இடமும் முக்கியம். வலக்கை பேட்டரின் முகம் வேண்டுமென்றால் முதல் பேஸ் பக்கம் உட்காரவேண்டும், இடக்கையன் என்றால் மூன்றாவது பேஸ் பக்கம். நடுவே இருக்கிற பாதுகாப்பு வலை ஆரம்பத்தில் என்னை அழவைத்தது. கேமரா பேட்டரை விட்டுவிட்டு வலைக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம்தான் தெரிந்தது, ஓடவேண்டியது வலையை விட்டல்ல, வலையை நோக்கி என்று. லென்ஸை முடிந்த அளவு வலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய், துளையை 2.8க்குத் திறந்துவிட்டால் வலை கரைந்து காணாமல் போய்விடும். இதற்காகத்தான் அந்த செகண்ட் ஹேண்ட் 70-200 லென்ஸ் வாங்கினேன். விலையை உன்னிடம் குறைத்துச் சொன்னேன்.

2022இல், மேஜர் லீகுக்குக் கீழே இருக்கிற மைனர் லீக் முழுக்க பிட்ச் கிளாக் வந்தது. அடுத்த பந்தை இத்தனை விநாடிக்குள் வீசியாக வேண்டும் என்று ஒரு கடிகாரம். மறு வருடம் மேஜர் லீகுக்கும் போய், அங்கே ஒரு ஆட்டத்தில் சுமார் 24 நிமிடம் மிச்சமானது. எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம். பிட்சர் தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற படமெல்லாம் அதோடு குறைந்துவிட்டது. எனக்கும் ரெண்டு கடலையை உரித்து வாயில் போட நேரமில்லை. அந்தக் கடலையைக் கோவில்பட்டிக்காரி கடலை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது வேறு விஷயம்.

சரி, உன் யோசனைக்கு வருகிறேன். மேலே போனவர்கள் என்னிடம் இல்லாமல் இல்லை. பிளேக் ஸ்னெல் 2015இல் இங்கே பந்து வீசினான். 2018இல் அவனுக்கு, சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற சை யங் விருது கிடைத்தபோது நீயே போன் பண்ணி, "அம்மா, உன்கிட்ட இவன் போட்டோ இருக்கா?" என்று கேட்டாய். இருக்கிறது, எழுபதுக்கு மேல். ஒன்றுகூடச் சரியாக இல்லை. முந்தின நாள் ஒரு பிறந்தநாள் விழாவில் ஷட்டரை 1/60க்குக் குறைத்தவள், திருப்பி வைக்க மறந்துவிட்டேன். கைக்குப் பதில் ஒரு வெள்ளைப் புகைதான் தெரிகிறது. வில்லி அடாமெஸ் 2017இல் இருந்தான். அந்த வருடம் புல்ஸ் டிரிபிள்-ஏ தேசியப் பட்டமும் வாங்கியது. அவன் சிரித்தால் கேமராவுக்கு வேலையே இல்லை, தானாகவே படம் நன்றாக வந்துவிடும். நீ சொல்கிற கணக்குப்படி இந்த இரண்டு பையன்களும் அவர்களைப்போல் இன்னும் சிலரும் இருந்தால் போதும்.

மற்றவர்கள் யார் தெரியுமா? பர்லிங்டன் போல்டரைத் திறந்தேன். கோடையில் நாங்கள் காரில் போய்விட்டு வருவோமே, கான்சஸ் சிட்டி ராயல்ஸின் அடிமட்ட அணி இருந்த ஊர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். பாதிப்பேர் டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா என்று எங்கிருந்தோ வந்தவர்கள். வெளியூர் வந்து முதல் கோடை. முழங்கையில் சிராய்ப்பு, முகத்தில் மீசை சரியாக வரவில்லை. 2020இல் கொரோனாவால் மைனர் லீகில் ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் கிளை அணிகளை 160இலிருந்து 120ஆகக் குறைத்தது. கழிக்கப்பட்ட நாற்பதில் பர்லிங்டனும் ஒன்று. இப்போது அங்கே கல்லூரிப் பையன்கள் கோடையில் ஆடுகிறார்கள், நல்லதுதான். ஆனால் நான் படம் எடுத்த அந்த அணி இப்போது எங்கேயும் இல்லை. என் போல்டரில் இருக்கிறது. அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

பணத்தையும் சொல்கிறேன், நீ கணக்குப் பார்க்கிறவன். 2023இல் மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கு முதன்முதலாகச் சங்க ஒப்பந்தம் வந்தது. டிரிபிள்-ஏவில் வருடத்துக்குக் குறைந்தபட்சம் 17,500 டாலராக இருந்தது 35,800 ஆனது. அதே வருடம் மேஜர் லீகில் குறைந்தபட்சம் 7,20,000. நடுவில் இருப்பது ஒரே ஒரு படி. சில நாள் ஆட்டத்தின் நடுவிலேயே ஒரு பையனைத் திடீரென்று வெளியே கூப்பிடுவார்கள். காயம் ஒன்றும் இருக்காது. ஆட்டக்காரர்கள் உட்காருகிற டகவுட்டில் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவனைக் கட்டிப்பிடித்தால் புரிந்துகொள்ளலாம், மேலே கூப்பிட்டுவிட்டார்கள், இல்லையென்றால் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது நான் லென்ஸை அவன்மேல் வைக்கமாட்டேன். கட்டிப்பிடித்துவிட்டு பெஞ்சில் திரும்பி வந்து உட்காருகிறானே அவன் நண்பன், முப்பது வயதை நெருங்குகிறவன், அவன்மேல் வைப்பேன். மனசார சந்தோஷப்படுகிறான். அடுத்த நிமிடம் குனிந்து ஷூ லேஸைக் கட்டுகிறான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருக்கும்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு வெனிசுவேலாக்கார அம்மா என் பக்கத்து சீட்டில் இருந்தாள். மகன் இரண்டாவது பேஸில். அவளுக்கு ஆங்கிலம் அவ்வளவு வராது, எனக்கு ஸ்பானிஷ் அறவே வராது. கேமராவின் பின்பக்கத் திரையில் அவள் மகன் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினேன். அந்தரத்தில் எகிறி, சறுக்கி வருகிறவனைத் தாண்டி முதல் பேஸுக்கு எறிகிற படம் ஒன்று, நான் எடுத்ததிலேயே நல்ல படம் என்று நினைக்கிறேன். அதை அவள் சட்டை செய்யவில்லை. டகவுட்டில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த படத்தில் நிறுத்தினாள். பெரிதாக்கு என்று விரலால் காட்டினாள். கன்னம் வரைக்கும் பெரிதாக்கினேன். இளைத்துவிட்டானா என்று பார்க்கிறாள்! நானும் உன் வீடியோ காலில் அதைத்தானே பார்க்கிறேன். அந்தப் படத்தைத்தான் அனுப்பச் சொன்னாள். அந்தப் பையன் அந்த வருடக் கடைசியிலேயே அணியிலிருந்து விடுவிக்கப்பட்டுவிட்டான்.

பெரிய மாமா விஷயம் உனக்குத் தெரியாது. இறந்தபோது நீ கேட்டாய், அஞ்சலி போஸ்டரில் ஏன் அவ்வளவு பழைய கல்யாணப் படம் என்று. வேறு இல்லை, அதனால்தான். கோவில்பட்டியில் அந்தக் காலத்தில் தெருவுக்குத் தெரு ஹாக்கி. மாமா லெஃப்ட் அவுட். மாநிலத் தேர்வுவரை போய்த் திரும்பி வந்து, அப்புறம் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதினார். கரிசல் மண் பறக்க அவர் ஓரமாகப் பந்தைக் கொண்டுபோவதை நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். பொட்டைப்பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று விரட்டுவார்கள், போய்விட்டுத் திரும்பி வருவேன். அத்தையும் நானும் அன்றைக்கு டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். ரேஷன் கார்டு படம், கல்யாணப் படம், ஒரு குரூப் போட்டோவில் பாதித் தலை. மட்டையோடு ஒன்றுகூட இல்லை. அவர் ஆடினார் என்பதற்கு இப்போது நான் ஒருத்திதான் சாட்சி.

அதனால் அழிக்கவில்லை, ராசா. வருஷவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு போல்டரிலும் அப்பாவின் ஸ்கோர் பக்கத்தையும் ஸ்கேன் செய்து போட்டு, நீ அனுப்பிய டிஸ்கில் ஏற்ற ஆரம்பித்தேன். 2018 வரைக்கும்தான் கொண்டது. இதே அளவில் இன்னும் இரண்டு வாங்கி அனுப்பு. ஏப்ரலில் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவதாகச் சொன்னாயே, தேதி முடிவானால் சொல், மூன்றாவது பேஸ் பக்கம் டிக்கெட் எடுத்து வைக்கிறேன். காளை புகை விடும்போது அவன் முகத்தை எடுக்கவேண்டும். உன்னுடையதை அப்போது எடுக்க என்னிடம் கேமரா இல்லை.

அன்புடன்,
அம்மா

லென்ஸ் விலையை அப்பாவிடம் கேட்காதே. அவருக்கும் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.