நோலிவுட் கட்டுரையில் விடுபட்ட பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிறு இணைப்பில் நைஜீரியப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மாந்திரீகக் கதைகள், ஒரே வாரத்தில் எடுத்து முடிக்கும் படங்கள், சந்தையில் குவித்து விற்கும் காஸெட்டுகள், எல்லாம் இருந்தன. எழுத்தாளரும் இயக்குநருமான அமாகா இக்வே என்ற பெண்மணியின் பெயரைத்தான் காணோம்.

1988 முதல் 1997 வரை நைஜீரியாவின் எனுகு நகரப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு வாத்தியார். நம்மூர் ஆசிரியர்கள் பலர் அப்போது அங்கே இருந்தோம். 1991-ல் தொலைக்காட்சியில் ‘செக்மேட்’ தொடர் வந்தது. எழுதித் தயாரித்த அமாகாவுக்கு அப்போது 28 வயதுதான். ஆன் ஹாட்ரோப்பாக எகோ போயோ, செகுன் கதிரியாக ரிச்சர்ட் மோஃபே-தாமிஜோ. எங்கள் வீட்டில் ஜெனரேட்டர் உண்டு. அதனால் தொடர் வரும் இரவில் பாதித் தெரு எங்கள் கூடத்தில்தான். கரண்ட் போனதும், அந்நாட்டு மின்வாரியத்தின் பெயரைச் சொல்லி “நெப்பா!” என்று பிள்ளைகள் கத்த, நான் டார்ச்சோடு பின்கட்டுக்கு ஓடுவேன். துணி வியாபாரம் செய்த பக்கத்து வீட்டம்மா பாயில் உட்கார்ந்து, திரையில் இருக்கும் செகுனுக்கு அந்தப் பகுதி மொழியான இக்போவில் பதில் சொல்வார். அதில் பாதி எனக்குப் புரியும். மீதி புரிந்தாலும் என் மனைவி புரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

அந்தம்மாவைப் பேச வைத்தது வசனம்தான். பாத்திரங்கள் வீட்டில் பேசுவதுபோலவே பேசின. 1992-க்குப் பிறகு வீடியோ காஸெட் படங்கள் பெருகி, கேமரா கிடைத்தவரெல்லாம் இயக்குநர் ஆன நேரத்தில், அமாகா எழுத்தைக் கைவிடாமல் ‘ராட்டில்ஸ்னேக்’ (1995), ‘வயலேட்டட்’ (1996) படங்களை எடுத்தார். ‘செக்மேட்’டில் வந்த சீஃப் ஃபூஜி என்ற பாத்திரத்தைப் பிடித்து, பல மனைவிகளும் பிள்ளைகளும் நிறைந்த அவர் வீட்டையே தனி நகைச்சுவைத் தொடராக்கினார். அது நான் ஊர் திரும்பிய பிறகு வந்தது, யூடியூபில்தான் பார்த்தேன்.

அமாகா 1963-ல் போர்ட் ஹார்கோர்ட்டில் பிறந்தவர், எனுகுவில் பள்ளி சென்றவர். இபாடன் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படித்தார். என் மனைவியும் நூலகர் என்பதால் எங்கள் வீட்டில் இந்தத் தகவலுக்குத் தனி மரியாதை! படம் எடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே இடத்தில் சேர்க்க அபுஜாவில் பாப்-டிவி என்ற சந்தையைத் தொடங்கியவரும் அவரே. அப்புறம் லாகோஸில் ஒரு வானொலி நிலையம். 2014 ஏப்ரல் 28-ல் அதே எனுகுவில் ஆஸ்துமா அவரைக் கொண்டுபோய்விட்டது. வயது 51.

மலிவுப் படங்கள் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. நானே காசு கொடுத்து ஏமாந்திருக்கிறேன். ஆனால் அவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால், ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே ஒரு வசனத்தையும் விடாமல் கேட்ட அந்தக் கூடம் எங்கே போயிற்று?

‘வயலேட்டட்’ காஸெட்டைப் பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுவந்தோம். வி.சி.ஆர். எப்போதோ பழுதாகிவிட்டது. நாடாவிலும் பூஞ்சை. பழைய இரும்புக்காரர் வந்தால் மனைவி அதை மட்டும் உள்ளே எடுத்து வைத்துவிடுகிறாள்.

கட்டுரையின் அடுத்த பகுதி இந்த ஞாயிறு வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அமாகாவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்குங்கள். படமும் போட்டால் வெட்டி வைத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்,
கோவில்பட்டி