அணுமின் நிலையங்களில் கதிர்வீச்சு அளக்கும் இடங்களை மறுஆய்வு செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
அணுமின் நிலையக் கதிர்வீச்சு அளவீட்டுப் பணியாளர்கள்

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
அணுமின் நிலையப் பாதுகாப்பு ஒழுங்குமுறைத் துறை

பொருள்: கதிர்வீச்சுக் கண்காணிப்புக் கருவிகள் அமைய வேண்டிய இடங்களைக் காரணத்துடன் தீர்மானிக்க ஆணையிடக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

அணுமின் நிலையங்களில் கதிர்வீச்சை அளப்பதே எங்கள் வேலை. ஒவ்வொரு கண்காணிப்புக் கருவியும் அது நிற்கும் இடத்தில் ஏன் நிற்கிறது, அது காட்டும் எண்ணைப் பார்த்து யார் என்ன முடிவெடுப்பார் என்பதற்கு நிலைய நிர்வாகம் எழுத்தில் பதில் வைத்திருக்க வேண்டும் என்று தாங்கள் ஆணையிட வேண்டும். இதுவே எங்கள் கோரிக்கை.

நிலையம் கட்டும்போது வரைபடத்தில் குறிக்கப்பட்ட இடங்களே பெரும்பாலும் கடைசிவரை நிலைத்துவிடுகின்றன. ஆண்டுகள் போகப்போகக் குழாய்ப் பாதை மாறுகிறது, தடுப்புச் சுவர் இடம் பெயர்கிறது, வெற்று அறையொன்று பழைய வடிகட்டிகளை அடுக்கும் அறையாகிறது. கருவி மட்டும் முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

கட்டடத்துக்குள் எங்கே கதிர்வீச்சு அதிகம் என்று பார்த்துக் கருவியை வைப்பது போதாது. எப்போதும் அளவு உயர்ந்திருக்கும் அறைக்குப் பூட்டு உண்டு. யாரும் தெரியாமல் நுழைவதில்லை. காலையில் சாதாரணமாக இருந்துவிட்டு மதியம் திடீரென ஏறும் இடங்களே எங்களைக் கவலைப்படுத்துகின்றன. பயன்படுத்திய எரிபொருள் உலையிலிருந்து தேக்கக் குளத்துக்குக் கடந்து செல்லும் குழாயை ஒட்டிய இடைவெளிகள், நீரைச் சுத்திகரித்துக் கதிரியக்கம் ஏறிய கழிவுப் பிசினை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ளும் குழாய்கள் ஓடும் நடைபாதைகள், உலைக் கலனுக்கு அடியிலுள்ள குழி ஆகியவை அப்படிப்பட்டவை. உலைக்குள் செருகியிருக்கும் அளவிக் குழல்களை வெளியே இழுத்த பிறகு அந்தக் குழிக்குள் இறங்குபவர் சில நிமிடங்களிலேயே ஆண்டு வரம்பைத் தாண்டிவிட முடியும். பணியாளருக்கான வரம்பு ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) என்பது தாங்கள் அறிந்ததே. இத்தகைய இடங்களில் எச்சரிக்கை ஒலி கட்டுப்பாட்டு அறையில் கேட்டால் போதாது, உள்ளே நுழையப்போகிறவரின் காதில் விழ வேண்டும்.

குழாய்களுக்குள் நடப்பதைக் கண்காணிப்பதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. அழுத்தநீர் உலைகளில், அதாவது உலை நீரின் வெப்பத்தால் வேறொரு நீரை நீராவியாக்கும் உலைகளில், நீராவி உற்பத்திக் கலனின் குழாய் கசிந்தால், நீராவிப் பாதையில் நைட்ரஜன்-16 என்னும் கதிரியக்கப் பொருள் தென்படும். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், 7 விநாடிதான் என்பதால் அது உடனடியான, நம்பகமான சாட்சி. ஆனால் உலை இயங்கினால் மட்டுமே அது உருவாகும். உலையை நிறுத்திய மறுநிமிடம் அந்தக் கருவிக்குக் கண் தெரியாது. ஆகவே நீராவியைக் குளிர்வித்து நீராக்கும் ஒடுக்கியில் இருந்து வெளியேறும் வாயுவில் செனான், கிரிப்டான் போன்றவற்றை அளக்கும் கருவியும், நீராவி உற்பத்திக் கலனிலிருந்து வடிக்கப்படும் நீரை அளக்கும் கருவியும் தனித்தனியே தேவை. ஒன்று இருக்கிறதே, மற்றவை எதற்கு என்று செலவுக் கணக்கில் அவற்றை நீக்க அனுமதிக்கக் கூடாது.

அளந்த இடம் தெரியாவிட்டால் சரியான எண்ணும் மக்களை அலைக்கழிக்கும். 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் விபத்து நேர்ந்தபோது, வெளியேற்றப் பாதையில் இருந்த கருவி தன் அளவின் உச்சத்தைத் தாண்டிப் பயனற்றுப் போனது. மார்ச் 30 காலை, நிலையத்தின் வெளியேற்றுக் குழலுக்கு நேர் மேலே பறந்த ஹெலிகாப்டரில் மணிக்கு 1,200 மில்லிராண்ட்ஜன் (ராண்ட்ஜன் கதிர்வீச்சை அளக்கும் பழைய அலகு) என்று அளந்தார்கள். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைமையகத்தில் இருந்தவர்களோ அதை வேலிக்கு வெளியே தரைமட்டத்து அளவு என்று எடுத்துக்கொண்டு, மக்களை வெளியேற்றப் பரிந்துரைத்தார்கள். அன்று எழுந்த குழப்பம் நாடறிந்தது.

கருவியின் அளவு வரம்பும் இடத்தைப் போலவே முக்கியம். 1986 ஏப்ரலில் செர்னோபில் உலை வெடித்தபோது கைவசம் இருந்த அளவிகள் மணிக்கு 3.6 ராண்ட்ஜனுக்கு மேல் காட்டாதவை. கருவியின் எல்லையே உண்மை அளவாக மேலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்தில் நிலைய எல்லையில் இருந்த 8 கண்காணிப்பு முனைகளும் மின்சாரம் இழந்தன. ஓர் அளவீட்டு வாகனத்தை வைத்துக்கொண்டுதான் சமாளிக்க வேண்டியிருந்தது. மாகாணம் வெளியே அமைத்திருந்த 24 முனைகளில் 23 பயன்படாமல் போயின. நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் உலையைத் தாக்கிய அதே வேளையில் அளவிகளையும் தாக்கின. எந்த விபத்துக்காக ஒரு கருவி வைக்கப்படுகிறதோ, அந்த விபத்திலேயே அது அழியுமா என்ற கேள்வியை இடம் தேர்வு செய்யும் நாளிலேயே கேட்டாக வேண்டும்.

வேலிக்கு வெளியே, மின் இணைப்பும் பூட்டிய வளாகமும் எங்கே கிடைக்கிறதோ அங்கே முனை அமைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஃபுகுஷிமாவில் மார்ச் 15 அன்று காற்று வடமேற்கே திரும்பியது, மழையும் பனியும் கதிரியக்கத் துகள்களைத் தரையில் இறக்கின. மக்களை வெளியேற்றிய 20 கிலோமீட்டர் வட்டத்துக்கு வெளியே இருந்த இடாட்டே கிராமம் கடுமையாக மாசுபட்டது. அங்கிருந்து மக்களை வெளியேற்றும் உத்தரவு ஏப்ரல் 22 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. காற்று வட்டம் பார்த்து வீசுவதில்லை. பள்ளத்தாக்குகள், பருவந்தோறும் மாறும் காற்றுத் திசை, குடிநீர் எடுக்கும் இடம், பால் மாடுகள் மேயும் நிலம் என்று மக்கள் வாழும் முறையைப் பார்த்தே முனைகளைத் தீர்மானிக்க வேண்டும். விபத்தில் வெளியேறும் கதிரியக்க அயோடின்-131 குழந்தைகளின் தைராய்டைச் சென்றடையும் முக்கிய வழி பால்தான்.

கருவி தேவையில்லை என்ற முடிவுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும். 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் டோக்காய்முராவில் ஓர் அணு எரிபொருள் ஆலையில் அணுப்பிளவுத் தொடர்வினை தானாகத் தொடங்கியது. அதற்கென்று எச்சரிக்கைக் கருவி அங்கே இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று நடக்காது என்று கருதியிருந்தார்கள். இரண்டு பணியாளர்கள் உயிரிழந்தனர்.

ஆகவே, ஒவ்வொரு நிலையமும் தன் கண்காணிப்பு இடங்களின் பட்டியலைக் காரணங்களுடன் புதுப்பித்துத் தங்கள் துறையிடம் அளிக்க வேண்டும் என்றும், குழாய்ப் பாதையிலோ தடுப்பிலோ மாற்றம் செய்யும் போதெல்லாம் அந்தப் பட்டியல் மறுபடி பார்க்கப்பட வேண்டும் என்றும், விபத்துக் காலக் கருவிகளுக்கு அகன்ற அளவு வரம்பும் தனி மின்வழியும் கட்டாயம் என்றும் ஆணையிட வேண்டுகிறோம். இந்த ஆய்வில் அன்றாடம் அந்த அறைகளுக்குள் போய்வரும் பணியாளர்களையும், வெளியே அமைக்கும் முனைகளுக்குச் சுற்றுப்புற மக்களின் பிரதிநிதிகளையும் சேர்க்க வேண்டும். வேலிக்கு வெளியே உள்ள முனைகளின் அளவுகள், அளந்த இடத்துடனும் நேரத்துடனும் உடனுக்குடன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும்.

தாங்கள் நேரம் ஒதுக்கினால், எங்கள் தரப்பில் குறித்துவைத்திருக்கும் இடங்களின் விவரங்களுடன் நேரில் வந்து விளக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கதிர்வீச்சு அளவீட்டுப் பணியாளர்கள்