பத்து வருஷம் சேராத பென்ஷன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனியார் நிறுவனத் தொழிலாளர்களின் குறைந்தபட்ச பென்ஷனை உயர்த்த வேண்டும் என்ற தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். 2014 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகியும் அது அசையவில்லை. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வாங்கினாலே தீர்ந்துபோகும் பணம் அது. உயர்த்தத்தான் வேண்டும். ஆனால் அந்த ஆயிரம்கூடக் கிடைக்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்.

திருப்பூரில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) வேலையாகத்தான் வருவார்கள். போன மாதம் ஒரு அக்கா மஞ்சள் பையில் ஆதார், பேங்க் பாஸ்புக், பழைய சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. வயது 55. “58 ஆனா எனக்கு எவ்வளவு பென்ஷன் வரும், பார்த்துச் சொல்லு தம்பி” என்றார்.

பார்த்தேன். 2007 முதல் 2014 வரை ஒரு கம்பெனியில் ஏழு வருஷம். அப்புறம் 2019 வரை வேறொன்றில் ஐந்து வருஷம். கொரோனா ஓய்ந்தபின் 2021-இல் இப்போதுள்ள இடத்தில் சேர்ந்திருக்கிறார். 58 வயது ஆகும்போது இதில் எட்டு வருஷம்தான் இருக்கும். பென்ஷனுக்குப் பத்து வருஷ சர்வீஸ் வேண்டும். முதல் இரண்டு கம்பெனியை விட்டு வந்தபோதும் பி.எஃப். பணத்தோடு பென்ஷன் பணத்தையும் எடுத்துவிட்டார். முதல் தடவை 41,000 ரூபாய், அடுத்த தடவை 47,000. எடுத்த அன்றே அந்த வருஷங்கள் கணக்கிலிருந்து அழிந்துபோயின. ஏழு வருஷமோ ஐந்து வருஷமோ, ஏதாவது ஒன்றைத் தொடாமல் விட்டிருந்தால் போதும், இப்போதைய எட்டோடு சேர்ந்து அவருக்கு ஆயுள் முழுக்க பென்ஷன் வந்திருக்கும்.

“யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா விட்டிருப்பனே” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

யாருமே சொல்வதில்லை என்பதுதான் நிஜம். நம் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிக்கிறார்கள், கம்பெனியும் 12 சதவீதம் போடுகிறது, அந்தக் கம்பெனிப் பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷனுக்குப் போகிறது என்பது எத்தனை தொழிலாளிக்குத் தெரியும்? பாஸ்புக்கில் அது மூன்றாவது கட்டத்தில் தனியாக நிற்கும். அதையும் நம் சேமிப்பு என்று நினைத்துத்தான் எடுக்கிறார்கள். அதற்கான படிவம் 10சி. பணத்தை எடுக்கவும் அதே படிவம்தான். பணத்தை எடுக்காமல் சர்வீஸை மட்டும் காப்பாற்றி வைக்கும் ‘ஸ்கீம் சர்டிபிகேட்’ வாங்கவும் அதே படிவம்தான். இத்தனை வருஷத்தில் என்னிடம் சர்டிபிகேட் கேட்டு வந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

எடுத்தால் கிடைப்பது, வேலை பார்த்த ஒவ்வொரு வருஷத்துக்கும் சுமார் ஒரு மாதச் சம்பளம், அதுவும் ஒரே தடவை. விட்டுவைத்தால் என்ன வரும்? 2014-க்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்து, கடைசி ஐந்து வருஷச் சராசரிச் சம்பளம் 14,000 ரூபாய், சர்வீஸ் பத்து வருஷம் என்றால், 14,000-ஐப் பத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். மாதம் 2,000 ரூபாய். அவர் காலத்துக்குப் பின் கணவனுக்கோ மனைவிக்கோ அதில் பாதி. இந்தக் கணக்கைப் பணம் எடுக்கும் திரையிலேயே தமிழில், பெரிய எழுத்தில் காட்டுவதற்கு என்ன தடை? “இதை எடுத்தால் உங்களுடைய ஏழு வருஷ சர்வீஸ் போய்விடும்” என்ற ஒரு வரி போதுமே.

2025 அக்டோபரில் பி.எஃப். அறங்காவலர் குழு, வேலையை விட்டபின் பென்ஷன் பணத்தை எடுக்க இரண்டு மாதம் என்றிருந்த காத்திருப்பை 36 மாதமாக்க முடிவு செய்தது. நோக்கம் எனக்குப் புரிகிறது, தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எடுக்கிறவர்கள் ஆடம்பரத்துக்கு எடுக்கவில்லை. காலேஜ் ஃபீஸ், ஆஸ்பத்திரி, வீட்டு அட்வான்ஸ், இதற்குத்தான். கதவை மட்டும் சாத்தினால் அவர்கள் கந்துவட்டிக்காரரிடம் போவார்கள். அவசரத்துக்கு பி.எஃப். பங்கைத் தாராளமாக எடுக்க விடுங்கள், பென்ஷன் சர்வீஸ் தானாகவே அடுத்த கம்பெனிக்குத் தொடரட்டும்.

பென்ஷனுக்குக் கணக்கில் எடுக்கும் சம்பள உச்சவரம்பையும் சொல்லியாக வேண்டும். அதுவும் 2014-இல் வைத்த 15,000தான். தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 2017-லேயே 21,000 ஆக்கிவிட்டார்கள். இன்று முதன்முதலாக வேலைக்குச் சேரும் பையனுக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000-ஐத் தாண்டினால், அவன் இந்த பென்ஷன் திட்டத்துக்குள்ளேயே வர முடியாது.

ஏற்கெனவே எடுத்துவிட்டவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். எடுத்த தொகையை வட்டியோடு திருப்பிக் கட்டினால் பழைய சர்வீஸைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி கொண்டுவர வேண்டும். ஒரே ஒரு தடவை வாய்ப்புக் கொடுத்தாலும் போதும்.

அந்த அக்கா முதலில் எடுத்த 41,000-இல் மகளை நர்சிங் படிக்க வைத்தார். மகள் இப்போது வேலையில் இருக்கிறார். இரண்டு நாள் கழித்து அவரையும் கூட்டிக்கொண்டு வந்து, “வட்டி போட்டுக் கட்டிடறோம், எந்த ஆபீஸ்ல கட்டணும்?” என்று கேட்டார். அப்படிக் கட்ட இடமே இல்லை என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.